கயல்விழி ஒப்பித்த வரலாறு

1

எங்கள் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு அவர்கள் குரல்பதிவு ஒன்று வைப்பார்கள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால் பாதி புரியும். மீதியை என் மனைவி செல்வி வேலை முடிந்து வந்து சொல்வாள். இங்கிலாந்தின் வடக்கிலிருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது, இன்னும் இப்படித்தான் ஓடுகிறது. செல்விக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் விசாவில் கூடவே வந்தவர்கள் நானும் மகளும். எனக்கு ஒரு பெரிய லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவோம்.

அன்றைக்கு வந்த பதிவில் ஓர் ஆண் குரல் "மிஸ்டர் கயல்விழி" என்று ஆரம்பித்தது. அந்த மிஸ்டர் கயல்விழி நான்தான். மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரையே போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரான தியாகதுருகத்தில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அதனால் பள்ளிக் கணக்கில் நாங்கள் கயல்விழி குடும்பம். "நான்தான் இந்த வூட்டுக்கு ஹெட்" என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவளுக்குப் பிடித்த நம்மூர்ச் சமாச்சாரங்களில் அது ஒன்று. மற்றவை குறைந்துகொண்டே வருகின்றன. நான் தமிழில் கேட்டால் பாதி நேரம் இங்கிலீஷில் பதில் வரும். சோறு வேண்டாம், பாஸ்தா போதும். கதவு சாத்தியே இருக்கும்.

செல்வி வந்து பதிவைக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"இன்னாவாம்?" என்றேன்.

"ஹிஸ்டரி டெஸ்ட்ல பிட் அடிச்சிட்டாளாம். வியாழக்கிழமை வரச் சொல்றாங்க. எனக்கு அன்னிக்கு டூட்டி. நீதான் போவணும்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிட் அடித்ததற்காக அல்ல, நான் போக வேண்டும் என்பதற்காக. செல்வி கதவைத் தட்டி மகளை வெளியே கூப்பிட்டாள்.

"இன்னாடி இது?"

"நான் பிட் அடிக்கல."

"பின்ன எதுக்குக் கூப்பிடுறாங்க?"

கயல் என்னைப் பார்த்தாள். "அப்பாவையே கேளும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

2

கேட்டால் நான் சொல்ல வேண்டியது இதுதான்.

தியாகதுருகம் பள்ளியில் எங்களுக்கு வரலாறு என்றால் ஒப்பிப்பது. சார் பாடத்தை ஒருமுறை வாசிப்பார். விடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லுவார், நாங்கள் பென்சிலால் அடைப்பு போட்டுக்கொள்வோம். மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்க வேண்டும். என் கூட்டாளி ஜப்பார், இரும்புக் கடை பாயுடைய மகன். சாயங்காலம் இருவரும் மலையடிவாரத்தில் நடந்துகொண்டே படிப்போம். ஒருவன் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வான், மற்றவன் சொல்லுவான். ஒரு வார்த்தை விட்டால் முதலிலிருந்து. அர்த்தம் தெரிந்ததா என்று நானும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

எங்கள் தலைக்கு மேலே கோட்டை இருந்தது. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மாறி மாறிச் சண்டை போட்ட மலை. உச்சியில் பீரங்கி கிடந்தது. ஒருநாள் ஜப்பார் வகுப்பில் எழுந்து, "சார், நம்ம மலை மேல பீரங்கி கீதே, அது யாருது சார்?" என்று கேட்டான்.

"அது பரீட்சைக்கு வராது. உக்காரு" என்றார் சார்.

சாரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள், வருஷக் கடைசியில் பொதுப் பரீட்சை, முக்கால்வாசிப் பேர் வீட்டில் படித்தவர்களே இல்லை. எல்லாரையும் கரையேற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. என்னையும் கரையேற்றினார். கணக்கில் தட்டுத் தடுமாறியவன் வரலாற்றில் நல்ல மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் எனக்கு நன்றாக வரும் என்று நான் நம்பிய ஒரே படிப்பு அதுதான்.

ஆகவே கயல் முதல் டெஸ்டில் மார்க் கம்மியாக வாங்கி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தபோது, "புக்க குடு. ஹிஸ்டரிதானே, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவளுக்கு அந்தப் பாடம் முக்கியம். இங்கே பதினாலு வயதில் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் வரலாற்றை முதலில் போட்டிருந்தாள். இடம் கொஞ்சம், கேட்டவர்கள் ஜாஸ்தி. அடுத்த டெஸ்டில் யார் நன்றாக எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளியில் கொடுத்த புக்லெட்டில் தொழிற்சாலைகள் வந்த கதை இருந்தது. பஞ்சாலைகள், நீராவி எந்திரங்கள், அதில் வேலை செய்த பிள்ளைகள். எழுத்துக் கூட்டிப் படிப்பேனே தவிர, எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. ஆனால் ஒப்பிப்பதைச் சரிபார்க்கப் புரிய வேண்டியதில்லை. விரலை வரி மேல் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நகர்த்திக்கொண்டே போவேன்.

"வுட்டுட்ட. இங்க 'ஹவெவர்'னு ஒண்ணு வருது."

"அது இல்லாட்டியும் மீனிங் வரும்பா."

"மீனிங் வரும். மார்க் வராது. முதல்ல இருந்து சொல்லு."

ஒரு பத்தியின் நடுவே 'எதிர்ப் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்' என்று இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். நான் விரலை எடுக்கவில்லை.

"அப்பா, அது ஆன்சர் இல்ல. அது சும்மா போட்டிருக்கு."

"புக்ல கீதா இல்லியா?"

"இருக்கு."

"அப்ப சொல்லு."

முதலில் சலித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே ஒரு ரோசம் வந்துவிட்டது. குளிக்கும்போது சொன்னாள், பஸ்சுக்குப் போகும்போது சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு கதவைத் திறந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அந்த சந்தோஷத்தில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை. டெஸ்டில் புக்லெட்டை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்தாள். காற்புள்ளி முதற்கொண்டு, படத்தைப் பார்க்கவும் உட்பட.

3

வியாழக்கிழமை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். மிஸ்டர் கிளார்க் என்பவர் கயல் வயதுப் பிள்ளைகளின் வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பாளர். குரல்பதிவில் பேசியவர் அவர்தான். பக்கத்தில் வரலாற்று டீச்சர் மிஸ் பென்னட், சின்ன வயசுக்காரப் பெண். கயல் என் பக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மேசை நடுவில் ஒரு போன் ஸ்பீக்கரில். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர்.

"வணக்கம் ஐயா. நான் கதைக்கிறது கேக்குதோ?"

"கேக்குதுங்க."

"பிள்ளை ஃபோனைப் பாத்து எழுதினவா எண்டு சந்தேகப்படுகினம். வரிக்கு வரி புத்தகத்தில இருக்கிற மாதிரியே கிடக்காம்."

"புக்ல கீற மாதிரிதானேங்க எழுதணும்?"

"ஐயா, அதை நான் அப்பிடியே சொல்லட்டோ?"

"சொல்லுங்க."

சொன்னார். மிஸ் பென்னட்டும் மிஸ்டர் கிளார்க்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் பென்னட் விடைத்தாளை என் பக்கம் திருப்பினார். ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. எந்த வரி என்று விரல் வைத்துப் பார்க்காமலே தெரிந்தது.

"எதிர்ப் பக்கத்தில படம் எண்டு எழுதியிருக்கிறாவாம். எந்தப் பக்கம், எந்தப் படம் எண்டு கேக்கினம் ஐயா."

கயல் தலையை இன்னும் கீழே போட்டுக்கொண்டாள். நான் ஒப்பிப்பது என்றால் என்ன என்று சொன்னேன். மலையடிவாரம், ஜப்பார், வார்த்தை விட்டால் முதலிலிருந்து, எல்லாம். போனுக்குள்ளிருந்த அம்மா சட்டென்று, "ஓ, பாடமாக்கிறது! நானும் அப்பிடித்தான் ஐயா படிச்சனான்" என்றார். பிறகு இங்கிலீஷில் கடகடவென்று நான் சொன்னதைவிட நீளமாக ஏதோ சொன்னார். தன் பள்ளிக்கூடக் கதையையும் சேர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மிஸ்டர் கிளார்க் தலையை ஆட்டினார். இத்தனை பக்கத்தை ஒரு பிள்ளை அப்படியே மனசில் வைக்க முடியாது என்றார். ஏமாற்றியதாக முடிவு செய்தால் அது பள்ளிப் பதிவில் ஏறும், வரலாறு வகுப்புக்கும் இடமில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்து உட்கார்ந்திருப்பேன்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஊரில் சொந்தத் தம்பி கல்யாணத்தில் மைக் கொடுத்தபோது மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றவன். அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டேன். தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"நோ போன்" என்றேன். "ஷீ சே. நவ்."

"ஹீ செஸ்..." என்று ஆரம்பித்தது போன்.

மிஸ் பென்னட்டுக்கு அது இல்லாமலே புரிந்துவிட்டது. ஒரு புக்லெட்டை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, முதல் நாலு வார்த்தையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினார்.

கயல் கோட்டின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சொல்லு பாப்பா" என்றேன்.

"முடியாதுப்பா. ஷேம்."

"நீ பிட் அடிச்சேன்னு சொல்றாங்க பாரு, அதுதான் ஷேம். சொல்லு."

சொன்னாள். முதல் இரண்டு வரி சுவரைப் பார்த்து, பிறகு வேகம் பிடித்து, மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு. மிஸ் பென்னட்டின் விரல் வரி மேல் நகர ஆரம்பித்தது. பக்கம் திரும்பியது. 'எதிர்ப் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்' என்ற இடம் வந்ததும் கயல் அதையும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். மிஸ் பென்னட் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிஸ்டர் கிளார்க்கும் சிரித்துவிட்டார். போனுக்குள்ளும் சிரிப்பு. கயலின் உதடு ஓரத்திலும் கொஞ்சம் பார்த்தேன்.

"பிள்ளை களவாப் பாத்து எழுதேல்ல எண்டு ஒத்துக்கொள்ளுகினம் ஐயா. பதிவில ஒண்டும் போடமாட்டினம். ஆனா மார்க் குடுக்க ஏலாதாம்."

"ஏங்க? அதான் எல்லாம் சரியா சொன்னாளே."

"தொழிற்சாலை வந்ததால சனத்தின்ர வாழ்க்கை நல்லா வந்ததோ இல்லையோ, நீ என்ன நினைக்கிறாய் எண்டுதான் கேள்வியாம். இது புத்தகத்தின்ர மறுமொழி. பிள்ளையின்ர மறுமொழி எங்கை எண்டு டீச்சர் கேக்கிறா."

மிஸ் பென்னட் கயலைப் பார்த்து அதையே மெதுவாகக் கேட்டார். அத்தனை பக்கம் தடங்கலில்லாமல் சொன்னவள் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திமிர் இல்லை அது. பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அப்படித்தான் தேடியிருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை திரும்ப எழுதலாம் என்றார்கள். கேள்வி புதிது, அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் சொன்னது, எழுதியது என்று சில துண்டுகளைக் கொடுப்பார்கள். அதைப் படித்து யாரை எவ்வளவு நம்பலாம் என்று எழுத வேண்டும். இடம் அதை வைத்துத்தான்.

வெளியே வந்ததும் கயல் முன்னால் வேகமாக நடந்தாள்.

"நீங்க எதுக்குப்பா எழுந்து நின்னீங்க? எல்லாரும் பாத்தாங்க."

"எல்லாரும்னா ரெண்டு பேருதானே."

"போன்ல ஒருத்தங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும் நான் நின்னது?"

திரும்பிப் பார்த்து முறைத்தாள். ஆனால் நடை கொஞ்சம் குறைந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை என் மச்சானைக் கூப்பிட்டேன். செல்வியின் தம்பி அன்பு. கல்வராயன் மலை மேலே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறான். கள்ளக்குறிச்சியில் வீடு. கச்சிராயபாளையம் வழியாக வண்டியில் மலை ஏறி இறங்குகிறான். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"படத்தைப் பார்க்கவும்னு கூடவா மாமா ஒப்பிக்க வச்சீங்க?"

"புக்ல இருந்துச்சுடா."

"நல்லவேளை, விலை இவ்வளவுன்னு அட்டையில போட்டிருக்கறத வுட்டீங்களே."

செல்வி போனைப் பிடுங்கி, "சிரிக்காதடா. பொண்ணுக்கு சீட்டு போயிரும் போலகீது. இன்னா பண்றதுன்னு சொல்லு" என்றாள். அதட்டினால் அவன் அடங்குவான். தன் வகுப்பில் என்ன செய்தான் என்று சொன்னான். கயலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதை அப்படியே எழுதுகிறேன். நம்மூரில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும்.

ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடம் அவன் ஒரு கேள்வி கொடுத்தானாம்: நம்ம ஊருக்கு ரோடு எப்போது வந்தது? புத்தகத்தில் கிடையாது, வீட்டில் கேட்டு வா. மறுநாள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒரு பெண் எழுந்து, எங்க அப்பா கல்யாணத்துக்கே பஸ்லதான் பொண்ணு வந்துச்சு என்றது. இன்னொரு பையன், பொய் சார், எங்க அத்தைக்குப் பிரசவ வலி வந்தப்ப தூளி கட்டித்தான் கீழ தூக்கிக்கினு போனாங்க, அது அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் என்றான். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரிதான் முதலில் வந்தது, பஸ்செல்லாம் பிறகு என்றான் மூன்றாமவன். வகுப்பில் ஒரே சண்டை. உங்க அப்பன் பொய் சொல்றான், உங்க அத்த பொய் சொல்றா என்று அடித்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

"நீ இன்னாடா பண்ண?" என்றேன்.

"நான் சும்மா இருந்தேன் மாமா. அதான் கஷ்டம். பதிலைச் சொல்லணும்னு நாக்கு துடிக்குது. அடக்கிக்கினு, யாரு சொன்னாங்க, அவங்க வூடு எங்க கீதுன்னு மட்டும் கேட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணே கண்டுபுடிச்சிது. அதுங்க வூடு மெயின் ரோட்டு மேல. பையனோட அத்தை வூடு உள்ள தள்ளி, ஓடைக்கு அந்தாண்ட. முதல்ல ரோடு இங்க வந்துச்சு, அங்க ரொம்பக் காலம் கழிச்சுத்தான் போச்சு. ரெண்டு பேரு சொன்னதும் நெசம். நான் ஊருக்குன்னு கேட்டதுதான் தப்பு. யாரோட ஊருக்குன்னு கேட்டிருக்கணும்."

கயல் முதல்முறையாகப் பேசினாள். "மாமா, அப்ப நீங்க மெமரைஸ் பண்ண வைக்க மாட்டீங்களா?"

"ஏன் வைக்காம? பப்ளிக் எக்ஸாமை உங்கப்பனா வந்து எழுதுவாரு? ஒரு மார்க் கேள்வி எல்லாம் காலையில ஒப்பிச்சுட்டுத்தான் உக்காருவாங்க. இத பாரு கயலு, உங்கப்பா அரிசி பருப்பு எல்லாம் வாங்கிக் குடுத்துட்டாரு. அடுப்பைத்தான் பத்த வைக்கல. இனிமே எதைப் படிச்சாலும் மூணு கேளு. யாரு சொன்னது? யாருகிட்ட சொன்னது? சொல்லும்போது பக்கத்துல யாரு இருந்தாங்க? அவ்ளோதான்."

வெளிநாட்டுக்கு வந்தவர்கள் ஊருக்கு எழுதும்போது ஒரு பழக்கம் உண்டு. இங்கே எல்லாம் உசத்தி, அங்கே எல்லாம் மட்டம் என்று எழுதுவோம். வரலாறு விஷயத்தில் நான் அப்படி எழுத மாட்டேன். மிஸ் பென்னட் இங்கே கேட்கும் கேள்வியை அன்பு மலை மேல் கேட்டுக்கொண்டிருக்கிறான், கம்ப்யூட்டர் இல்லாமல், படம் போட்ட புக்லெட் இல்லாமல். இன்னொன்றும் தைரியமாகச் சொல்லுவேன். இங்கே பிள்ளைகள் கருத்து சொல்லச் சொன்னால் வாய் வலிக்கச் சொல்லுகிறார்கள், ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பல பேருக்குத் தெரியவில்லை. கயலே சொல்லுகிறாள். ஒன்றுமே மனசில் இல்லாமல் எதை வைத்து யோசிப்பது? ஒப்பித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. அதோடு நிறுத்தியதுதான் பிசகு.

5

திங்கட்கிழமையிலிருந்து அவள் பயிற்சியை ஆரம்பித்தாள். டி.வி. செய்தி, சோப்பு விளம்பரம், பக்கத்து வீட்டுக்காரர் பூனையைப் பற்றிச் சொன்ன புகார் எல்லாவற்றுக்கும் யாரு சொன்னது, யாருகிட்ட சொன்னது. செல்வியிடம், "எனக்கு இன்னிக்கு உடம்பு முடியல, நீயே பாத்திரம் கழுவு" என்று நான் சொன்னதற்குக்கூட. "அம்மா, இதைச் சொன்னவருக்கு இதால லாபம் கீது, பாத்துக்க" என்றாள். செல்வி சிரித்துக்கொண்டே பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.

புதன்கிழமை சாயங்காலம் கயல் நோட்டோடு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்களும் ஃபேக்டரி மாதிரிதானே வேலை செய்றீங்க. கேக்கவா?"

"கேளு."

"அவருகிட்ட கேட்டா இன்னா வரும்?" என்று அடுப்படியிலிருந்து செல்வி. "வாயத் தொறந்தாத்தானே."

"சும்மா இரும்மா. அப்பா, வேலை கஷ்டமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா கீது."

"சூடா இருக்குமா?"

"மெஷின்னா கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்."

"மேனேஜர் எப்படி?"

"தங்கமான மனுஷன்."

"கம்ப்ளெயின்டே இல்லியா?"

"இன்னா கம்ப்ளெயின்ட்? சம்பளம் ஒழுங்கா வருது. லீவு கேட்டா குடுக்கறாங்க. நீ நல்லா படி, அது போதும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நோட்டில் எதுவும் எழுதவில்லை. "ஓகேப்பா" என்று எழுந்து போனாள். பிள்ளைக்கு நான் சரியாக உதவவில்லையோ என்று அன்று இரவு முழுக்க உறுத்தலாக இருந்தது. ஆனால் பிள்ளையிடம் போய் வேறென்ன சொல்லுவது?

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வராதீங்க என்று சொல்லவில்லை, அதுவே பெரிது. பஸ் வந்தபோது, "பயமா கீதா?" என்றேன்.

"இருக்கு. மனசுல ஒண்ணுமே ரெடியா இல்லப்பா. போன வாட்டி ஃபுல்லா இருந்துச்சு."

"அது அங்கதான் கீது. எங்கயும் போவல" என்றேன். அதுவாவது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

6

போன வெள்ளிக்கிழமை விடைத்தாள் வந்தது. கயல் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, "சீட் கிடைச்சிடுச்சு" என்றாள். செல்வி அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். நான் பேப்பரைக் கேட்டேன்.

"மார்க்கை மட்டும் பாருங்க. படிக்க வேணாம்."

"ஏன்?"

"நீங்க கோவிச்சுக்குவீங்க."

"சீட்டு வாங்கினவளை எவன் கோவிச்சுக்குவான்? படி. தமிழ்லயே படி."

தயங்கித் தயங்கித் தமிழில் மாற்றிப் படித்தாள். கொடுத்திருந்த துண்டுகளில் ஒன்று, பஞ்சாலையைப் பார்வையிட வந்தவரிடம் ஒரு வேலைக்காரச் சிறுமி சொன்ன வார்த்தைகளாம். தனக்கு ஒரு குறையும் இல்லை, முதலாளி நல்லவர் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்பது கேள்வி. கயல் முதலில் ஆலைகள் எப்போது வந்தன, வேலை எத்தனை மணி நேரம், என்ன சட்டம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். அதெல்லாம் ஒப்பித்ததிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் வார்த்தை அவளுடையது. அதற்குப் பிறகு ஒரு பத்தி. அங்கே வந்ததும் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். படி என்று செல்வி தலையசைத்தாள்.

"'இந்தச் சிறுமி பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் சொல்லும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்றிருக்கலாம். நாளைக்கும் அவள் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். என் அப்பா ஒரு லாண்டரியில் வேலை செய்கிறார். வேலை எப்படி என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை என்றார். அங்கே மேனேஜர் இல்லை, நான்தான் இருந்தேன். ஆனாலும் அப்படித்தான் சொன்னார். அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெடித்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு எங்களுக்குத் தெரியாமல் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொள்கிறார். அதனால் ஒருவர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சிலர் முதலாளிக்குப் பயந்து சொல்ல மாட்டார்கள். சிலர் பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.'"

ஓரத்தில் மிஸ் பென்னட் ஏதோ எழுதியிருந்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. என் கைகள் மேசை மேலே இருந்தன. உள்ளே எடுத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது, எடுத்துக்கொள்ளவில்லை.

"கோவமாப்பா?"

"இல்ல."

"தப்பா எழுதிட்டேனா?"

"சரியாத்தான் எழுதியிருக்க. எண்ணெய் போடறத எப்ப பாத்த?"

"டெய்லி பாக்கறேன். நீங்கதான் நான் பாக்கலன்னு நினைச்சுக்கினு கீறீங்க."

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் பிள்ளை, எங்களை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கயல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இப்ப சொல்லுங்க. வேலை கஷ்டமா?"

"சூடு ஜாஸ்திதான்" என்று ஆரம்பித்தேன். "இஸ்திரி மெஷின் பக்கத்துல நின்னா மதியத்துக்குள்ள சட்டை நனைஞ்சிரும். வெளுக்கிற மருந்து கைய அறுக்குது. கையுறை குடுக்கறாங்க, ஆனா அதைப் போட்டா மடிக்கிற வேகம் வராது..."

சொல்லிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசவில்லை.